உழுபவருக்கே நிலம், ஆனால் யாரைத் துரத்திவிட்டு?

தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதி நிலப் பிரச்சினை விவாதத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் உழைப்பாளிகளே. தரிசாகக் கிடந்த மண்ணை வியர்வை சிந்திப் பண்படுத்தியவர்கள் அவர்கள். ‘உழுபவருக்கே நிலம்’ என்பது இடதுசாரிகளின் முழக்கம். அப்படியிருக்க, பழங்குடி அல்லாதவர் கைக்கு நிலம் போகாமல் தடுக்கும் சட்டத்தை இடதுசாரிகள் எப்படி ஆதரிக்க முடியும்? இதை நிலவுடைமையாளர்களும் வட்டி வணிகர்களும் கேட்டால் வியப்பில்லை. ஆனால் உழைப்பாளி மக்கள் நடுவிலிருந்தும், சில வேளைகளில் செங்கொடியின் கீழ் நிற்பவர்களிடமிருந்தும் இக்கேள்வி எழுகிறது. ஆகவே இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வாதம் புதியதும் அல்ல, ஆதிலாபாத்தில் பிறந்ததும் அல்ல. வட அமெரிக்காவின் பூர்வகுடிகளை அவர்களுடைய மண்ணிலிருந்து அகற்றியபோது சொல்லப்பட்ட வாதம்தான் இது. அங்கே அது எப்படி வேலை செய்தது என்பதைப் பார்த்தால், இங்கே அது யாருக்காக வேலை செய்கிறது என்பதும் விளங்கும்.

இரண்டு 1893

நிஜாம் உத்தரவாத அரசு ரயில்வே நிறுவனம் செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடாவில் தன் பணிமனையை நிறுவிய ஆண்டு 1893. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளில் தெலுங்கும் உருதும் பேசுவோருடன் தமிழ்க் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அதே 1893இல் சிகாகோ நகரில், ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் தம் புகழ்பெற்ற ஆய்வுரையை வாசித்தார். மேற்கு நோக்கி விரிந்துகொண்டே போன ‘சும்மா கிடந்த’ நிலமும், அதில் குடியேறிய மக்களின் உழைப்புமே அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கின என்பது அவருடைய கோட்பாடு. அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் அக்கோட்பாட்டில் தடைகளாக மட்டுமே தோன்றினார்கள்.

சும்மா கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்த நிலம் எப்படிச் ‘சும்மா’ ஆக்கப்பட்டது? 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளுக்கு நிலத்தில் வசிக்கும் உரிமை மட்டுமே உண்டு, முழு உடைமை ‘கண்டுபிடித்த’ அரசுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 1830இல் இந்தியர் அகற்றல் சட்டம் வந்தது. அதன்படி செரோக்கி மக்கள் 1838-39இல் துப்பாக்கி முனையில் மேற்கே நடத்திச் செல்லப்பட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் வழியிலும் முகாம்களிலும் மடிந்தார்கள். 1862இன் குடியேற்ற நிலச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம் வழங்கத் தொடங்கி, மொத்தத்தில் சுமார் 27 கோடி ஏக்கரை விநியோகித்தது. 1887இன் டாஸ் சட்டம் பழங்குடிகளின் கூட்டு உடைமையைத் தனித்தனிப் பட்டாக்களாக உடைத்து, ‘மிச்ச’ நிலத்தைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. அப்போது அவர்களிடம் இருந்த 13.8 கோடி ஏக்கர், 1934இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. 1864இல் சாண்ட் கிரீக்கிலும் 1890இல் ஊண்டட் நீயிலும் நடந்த படுகொலைகள் உலகறிந்தவை. ஆனால் துப்பாக்கி பறித்ததைவிட நில அளவைச் சங்கிலியும் பத்திரமும் நீதிமன்றமும் பறித்தது அதிகம்.

மூலதனத்தின் பிறப்பை விளக்கும்போது மார்க்ஸ் இந்த வரலாற்றை ஓரத்தில் வைக்கவில்லை. 1703இல் நியூ இங்கிலாந்தின் பக்திமான்கள் தங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, ஒவ்வொரு பூர்வகுடியின் தலைத்தோலுக்கும் 40 பவுன் பரிசு நிர்ணயித்ததை அவர் ஆதித் திரட்டலின் கணக்கில் சேர்க்கிறார். உழைப்பாளியை உழைப்புச் சாதனத்திலிருந்து பிரிப்பதே ஆதித் திரட்டல். அதைச் சட்டம் செய்தாலும் கத்தி செய்தாலும் பயன் ஒன்றே.

தரிசு என்று எழுதியது யார்?

இப்போது ஆதிலாபாத்துக்கு வருவோம். சந்தாவைத் தலைநகராகக் கொண்டு கோண்டு அரசர்கள் ஆண்ட நிலப்பரப்பின் தெற்குப் பகுதி இது. மராத்தியரிடமிருந்து நிஜாம் ஆட்சிக்குக் கைமாறிய பின்னும் நெடுங்காலம் கோண்டுகளும் கோலாம்களும் தங்கள் முறைப்படியே பயிர் செய்து வந்தார்கள். மேட்டு நிலத்தின் மெலிந்த மண்ணைச் சில ஆண்டுகள் உழுவார்கள். பிறகு அதைச் சில ஆண்டுகள் ஓய்வெடுக்க விட்டு வேறு நிலத்துக்குப் போவார்கள். மண் தேறியதும் திரும்பி வருவார்கள். இது சோம்பல் அன்று. மண்ணின் இயல்பறிந்த வேளாண் முறை.

நில அளவை வந்தபோது, ஓய்விலிருந்த நிலம் யாருக்கும் உரியதல்லாத தரிசு என்றோ காடு என்றோ ஏட்டில் ஏறியது. பதிவேட்டின் மொழி உருது. உழுதவரின் மொழி கோண்டி. கச்சேரிக்குப் போகவும், பட்வாரியைக் ‘கவனிக்கவும்’, கட்டணம் கட்டவும் தெரிந்தவர்களுக்குப் பட்டா கிடைத்தது. வணிகரும் வட்டிக்காரரும் நிலவுடைமையாளர்களும் ஊர் ஊராகப் பட்டாதாரர்களானார்கள். நேற்றுவரை அந்நிலத்தை உழுத கோண்டு குடியானவர் அதே நிலத்தில் குத்தகைதாரராகவும் பண்ணையாளாகவும் ஆனார். மறுபுறத்தில் காப்புக்காடுகளின் எல்லைகள் விரிந்தன. முன்னோர் காலம்தொட்டு இருந்த ஊர்கள் ஒரே கோட்டில் ‘ஆக்கிரமிப்பு’ ஆயின. மேய்ச்சலுக்கு வரி, விறகுக்கு வரி, போடு சாகுபடிக்குத் தண்டனை.

‘தரிசாகக் கிடந்தது’ என்ற சொல்லுக்கு இந்த ஏட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. தரிசு என்று எழுதியவரும், அதைப் பெற்றுக்கொண்டவரும் ஒரே தரப்பு. 1823இன் அமெரிக்கத் தீர்ப்பும் ஹைதராபாத் சமஸ்தானத்தின் நில ஏடும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வாக்கியத்தை எழுதின.

காட்டை அழித்து நாடாக்குவதைப் பெருமையாகப் பேசும் மரபு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதும் அல்ல. பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும் செயல்களில் அதுவும் ஒன்று. அழிக்கப்பட்ட காட்டில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தப் புகழுரை சொல்லவில்லை. இலக்கியப் பெருமிதம் வேறு, வரலாற்று மதிப்பீடு வேறு என்பதை இடதுசாரி வாசகர்கள் மறக்கலாகாது.

தண்டவாளம் கொண்டுவந்தது

1929இல் காசிப்பேட்டைக்கும் பல்ஹர்ஷாவுக்கும் இடையிலான ரயில்பாதை முழுமை பெற்றது. சென்னையிலிருந்து டெல்லிக்கு நேர்வழி கிடைத்ததாக இந்தியா மகிழ்ந்தது. ஆனால் அந்தத் தண்டவாளம் கோண்டு மக்களின் பூமியை ஊடறுத்துச் சென்றது. பெல்லம்பள்ளியின் நிலக்கரியும், காட்டின் தேக்கும் மூங்கிலும், கரிசல் மண்ணின் பருத்தியும் வெளியே போயின. காகஸ்நகரில் காகித ஆலை எழுந்தது. நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறியதும் நிலத்தைத் தேடி வருவோரின் எண்ணிக்கையும் ஏறியது.

இதற்கு லாலாகுடா பணிமனையில் சுத்தியல் பிடித்த தொழிலாளி குற்றவாளியா? இல்லை. ரயில்வே நிறுவனத்தின் லண்டன் பங்குதாரர்களுக்கு நிஜாமின் கருவூலம் இலாபத்துக்கு உத்தரவாதம் அளித்தது. நிறுவனத்தின் பெயரிலேயே அந்த ‘உத்தரவாதம்’ இருந்தது. பணிமனைத் தொழிலாளியின் கூலிக்கோ கோண்டு குடியானவரின் நிலத்துக்கோ அப்படி ஓர் உத்தரவாதம் யாரும் அளிக்கவில்லை. அமெரிக்காவிலும் 1869இல் கண்டத்தைக் குறுக்கே கடந்த ரயில்பாதையைச் சீன, ஐரிஷ் கூலிகளே அமைத்தார்கள். அதே சீனத் தொழிலாளர்களுக்கு 1882இல் நாட்டின் கதவு சட்டம் போட்டு அடைக்கப்பட்டது. உழைப்பாளியின் கையைக் கொண்டு பூர்வகுடியின் நிலத்தைப் பறிப்பதும், வேலை முடிந்ததும் அந்த உழைப்பாளியையே வெளியே தள்ளுவதும் ஒரே ஆட்சியின் இரண்டு செயல்கள்.

தமிழர்களுக்கு இது சொந்த அனுபவம். இலங்கையில் 1840இன் முடியாட்சி நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத கண்டி விவசாயிகளின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் ‘தரிசு’ என்று அரசுடைமையாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு விற்றது. அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். நிலத்தை விழுங்கியவர் ஆங்கிலேயத் துரை. கண்டி விவசாயியின் கோபம் திருப்பிவிடப்பட்டதோ லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் மீது. 1948இல் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. பறிகொடுத்தவரையும் பிழைக்க வந்தவரையும் மோதவிட்டுப் பறித்தவர் தப்பிக்கும் இந்த வித்தையை மலையகத்தில் அறிந்தவர்கள், ஆதிலாபாத்தில் அதை அடையாளம் காணத் தவறக் கூடாது.

ஜோடேகாட்டும் அதன் பின்னும்

1860இல் நிர்மல் பகுதியில் ராம்ஜி கோண்டு தலைமையில் எழுந்த கிளர்ச்சி தூக்குக் கயிறுகளால் ஒடுக்கப்பட்டது. ஆயிரம் பேரைத் தூக்கிலிட்ட ஆலமரம் என்று மக்கள் நினைவு அதைச் சொல்கிறது. கொமரம் பீம் 1940இல் ஜோடேகாட்டில் தோழர்கள் பலருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். 12 கிராமங்களின் நிலமும் காடும் தங்களுக்கே என்று அவர் கேட்டார். ‘நீர், காடு, நிலம்’ என்ற முழக்கம் அவர் பெயரோடு இன்றும் ஒலிக்கிறது.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் நிஜாம் அரசுக்குப் பழங்குடிகளின் குறை காதில் விழுந்தது. உலகப் போர்க்காலத்தில் ஹைதராபாத்தில் தங்க நேர்ந்த ஆஸ்திரிய மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் ஆய்வுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கைகளின் பயனாக மார்லவாயில் கோண்டி வழிப் பள்ளி தொடங்கியது. 1940களின் முடிவுக்குள் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பழங்குடிகளுக்குப் பட்டா வழங்கப்பட்டது. இதை நிஜாமின் கருணை என்று எழுதுவோர் உண்டு. ஜோடேகாட்டில் சிந்திய இரத்தத்தின் விலை என்று எழுதுவதே சரி.

வேறொரு திரிபும் இப்போது பரப்பப்படுகிறது. பீமின் போராட்டம் ஒரு முஸ்லிம் மன்னருக்கு எதிரான இந்து எழுச்சி என்று சங்கப் பரிவாரம் சித்தரிக்கிறது. கோண்டுகளின் நிலத்தைப் பட்டாவாக்கிக்கொண்ட வணிகர்களிலும் தேஷ்முக்குகளிலும் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். நிஜாம் ஆட்சி வீழ்ந்து பல ஆண்டுகள் கழித்து, 1981 ஏப்ரல் 20 அன்று இந்திரவெல்லியில் நில உரிமை கேட்டுக் கூடிய ஆதிவாசிகள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது எந்த மன்னரின் படையும் அல்ல, சுதந்திர இந்தியாவின் காவல்துறை. இறந்தவர்கள் 13 பேர் என்றது அரசு. அதைப்போல் பல மடங்கு என்றன மனித உரிமை அமைப்புகள். அன்று கூட்டத்தைக் கூட்டிய சங்கத்தின் அரசியல் பாதையோடு உடன்படாதவர்களும், அங்கு விழுந்த பிணங்களின் வர்க்கம் எது என்பதில் ஐயம் கொள்ள முடியாது. 2022இல் வெளிவந்த ‘ஆர்.ஆர்.ஆர்.’ திரைப்படத்தின் முடிவில் பீம் வெளியாளிடம் எழுத்தறிவைக் கேட்டு நிற்கிறார். மக்கள் நினைவிலுள்ள பீமோ ஊர் ஊராக அலைந்த காலத்தில் தாமே எழுதப் படிக்கக் கற்றவர். பூர்வகுடியைக் கைநீட்டி நிற்பவராகவே காட்ட விரும்பும் மனப்பான்மை ஹாலிவுட்டுக்கு மட்டும் உரியதல்ல.

1970இன் சட்டம் தடையா, கேடயமா?

ஆந்திரப் பிரதேச அரசு 1959இல் பிறப்பித்த பட்டியல் பகுதி நில மாற்ற ஒழுங்குமுறை, 1963இல் தெலங்கானா பகுதிக்கும் விரிந்தது. 1970இன் திருத்தம்தான் அதற்குப் பல் முளைக்கச் செய்தது. பட்டியல் பகுதியில் பழங்குடி அல்லாதவர் கையிலுள்ள நிலம் பழங்குடியிடமிருந்து வந்ததாகவே கருதப்படும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. பழங்குடி அல்லாதவர் தமக்குள் விற்பதும் செல்லாது. 1988இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 1997இன் சமதா தீர்ப்பு, பட்டியல் பகுதி நிலத்தைத் தனியார் சுரங்க நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடவும் தடை விதித்தது.

இச்சட்டம் ஏழைக் குடியேறியவரைத் தண்டிக்கிறது என்கிறார்கள். சட்டம் நீங்கினால் அவர் நிலைமை என்னவாகும் என்று மட்டும் சொல்வதில்லை. சந்தை திறந்தால் முதலில் கோண்டு விவசாயி வெளியேறுவார். அடுத்த கடன் தவணையில், அவரிடமிருந்து வாங்கிய ஐந்து ஏக்கர் பருத்தி விவசாயி வெளியேறுவார். இறுதியில் நிலம் விதை, பூச்சிமருந்து வணிகரிடமும் மனைத்தொழில் முதலையிடமும் சுரங்க நிறுவனத்திடமும் போய்ச் சேரும். அமெரிக்காவில் 160 ஏக்கர் பெற்ற எளிய குடியேறியவர்களில் எத்தனையோ பேர் ரயில் கம்பெனியின் கட்டணத்துக்கும் வங்கியின் வட்டிக்கும் நிலத்தை இழந்தார்கள். பூர்வகுடியின் தோல்வி அவர்களைக் காப்பாற்றவில்லை.

‘உழுபவருக்கே நிலம்’ என்ற முழக்கம் நிலக்கிழாருக்கு எதிராகப் பிறந்தது. வீரத் தெலங்கானா அதை அப்படித்தான் நடைமுறைப்படுத்தியது. உழுதுகொண்டிருந்தவரை அகற்றிவிட்டு, பின்னால் வந்து உழுதவரின் வாயில் அதை வைப்பது முழக்கத்தைத் திருடும் செயல். ஆதிலாபாத்தில் முதலில் உழுதவர் யார் என்பதே கேள்வி.

அதற்காக, தலைமுறைகளாக அங்கே வாழும் ஏழைப் பழங்குடி அல்லாதவர்களை விரட்ட வேண்டும் என்று எவரும் கோரவில்லை. 2006இன் வன உரிமைச் சட்டமே மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிற மக்களுக்கும் உரிமை அளிக்கிறது. பட்டியல் பகுதிக்கு வெளியே உச்சவரம்பு உபரி நிலத்தையும் அரசு நிலத்தையும் நிலமற்ற ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. தடை ஆள்வோரின் வர்க்கப் பற்று. லம்பாடா மக்கள் தெலங்கானா பகுதியில் 1976இன் சட்டத்தால் பட்டியல் பழங்குடியில் சேர்க்கப்பட்டதை முன்வைத்து, 2017-18இல் கோண்டு ஊர்களுக்கும் தண்டாக்களுக்கும் இடையே மோதல் மூண்டது. இட ஒதுக்கீட்டில் பின்தங்கிவிட்ட கோண்டு, கோலாம் மக்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது தண்டாவின் குடிசையைக் கொளுத்துவதால் தீராது. வேலையும் பள்ளியும் பெருகுவதால்தான் தீரும்.

இன்றைய முற்றுகை

இது பழங்கதை அல்ல. 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம், வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்ற ஆணையிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் நடுவே பிப்ரவரி 28 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. 2022இன் வனப் பாதுகாப்பு விதிகள், ஒன்றிய அரசு காட்டை நிறுவனத்துக்கு ஒப்படைக்க இசைவு தருமுன் கிராம சபையின் ஒப்புதலை உறுதி செய்ய வேண்டிய பொறுப்பிலிருந்து அதை விடுவித்தன. 2023இன் திருத்தச் சட்டம் ‘காடு’ என்ற சொல்லின் எல்லையையே சுருக்கியது. அதே 2023இல் தெலங்கானா அரசு சுமார் நான்கு லட்சம் ஏக்கர் போடு நிலத்துக்குப் பட்டா வழங்கியது. நெடிய போராட்டத்தின் பலன் அது. ஆனால் 2025 மே மாதத்தில் அடுத்த அரசு, புலிகளின் வழித்தடத்துக்காக 300க்கு மேற்பட்ட கிராமங்களைத் தொடும் காப்பிடத்தை அரசாணை 49 வழியாக அறிவித்தது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் கொமரம் பீம். பீம் எந்த மண்ணுக்காக உயிர் கொடுத்தாரோ, அந்த மண்ணின் மக்களை அச்சுறுத்த அவர் பெயரே பயன்பட்டது. ஆதிவாசிகள் வீதிக்கு வந்த பிறகு, ஜூலையில் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைக்கப்பட்டதே தவிர, திரும்பப் பெறப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

புலியைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கோண்டு ஊர்களும் புலியும் நூற்றாண்டுகளாக ஒரே காட்டில் வாழ்ந்தன. நிலக்கரிச் சுரங்கத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் வழிவிட்ட காட்டில் புலிக்கு இடமில்லாமல் போனதற்கு, மூன்று ஏக்கர் சோளம் விதைத்தவர் எப்படிப் பொறுப்பாவார்?

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்ற கேடயம்கூடக் கிடையாது. 1992 ஜூனில் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய கொடுமைக்கு 2011இல் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் அந்த மலைமக்களின் கைவிடாமல் நின்றது செங்கொடி இயக்கம். அந்த வழக்கில் பெற்ற பாடம் ஆதிலாபாத்துக்கும் பொருந்தும்: சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை, அதை ஏந்தி நிற்க ஓர் அமைப்பு இருக்கும்வரைதான் உயிரோடிருக்கும்.

ஆகவே கடமைகள் தெளிவானவை. அரசாணை 49 முற்றாகத் திரும்பப் பெறப்பட வேண்டும். 1970இன் சட்டப்படி தீர்ப்பாகியும் மீட்கப்படாத நிலங்கள் உரியவர் கைக்கு வர வேண்டும். நிராகரிக்கப்பட்ட வன உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகளே மறு ஆய்வு செய்ய வேண்டும். பட்டியல் பகுதியிலுள்ள ஏழைப் பழங்குடி அல்லாதவர்க்கு வெளியே மாற்று நிலமும் வேலையும் வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை ஆதிவாசிகளின் கோரிக்கையோடு சேர்த்து எழுப்பினால்தான் முதல் மூன்றும் வெற்றி பெறும். லாலாகுடாவின் ரயில்வே தொழிலாளர் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. ரயில்வேயின் நிலமும் பணிகளும் தனியாருக்குத் திறந்துவிடப்படும் இந்நாளில், ‘பயன்படாமல் கிடக்கும் சொத்து’ என்ற சொற்றொடர் அவர்கள் வாசலுக்கும் வந்துவிட்டது. அச்சொற்றொடரை முதலில் கேட்டவர்கள் கோண்டு மக்கள். அவர்களுக்காகக் குரல் எழுப்புவதைத் தொழிலாளி வர்க்கம் இரக்கச் செயலாகக் கருத வேண்டியதில்லை. அது தன்னுடைய பாதுகாப்புக்கான போராட்டமும் ஆகும்.